முதல் பாகத்து மனைவி எங்கே போனாள்? தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பழைய படங்களுக்கு இரண்டாம் பாகம் எடுக்கிற, இனிமேல் எடுக்கப் போகிற தமிழ்ப் படத் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் கதாசிரியர்களுக்கும் வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன், வருகிற வேலையில் முக்கால்வாசி கல்யாண வேலை. சினிமாவைப் பற்றி எழுதுவது என் தொழில் இல்லை. ஆனால் கல்யாணத்தைப் பற்றி யார் படம் எடுத்தாலும் விடாமல் பார்த்துவிடுவேன், பார்த்துவிட்டு நாள் கணக்கில் அதையே பேசிக்கொண்டிருப்பேன். ‘மணல் கயிறு 2’ வந்தது 2016 டிசம்பரில். இத்தனை வருஷம் கழித்து அதைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். அந்தப் படத்தில் நடந்த தப்பு அதோடு நிற்கவில்லை. பெரிய பெரிய படங்களிலும் அதேதான் நடந்தது, நீங்கள் இப்போது வரிசையாக அறிவித்துக்கொண்டிருக்கும் இரண்டாம் பாகங்களிலும் நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதல் ‘மணல் கயிறு’ 1982இல் வந்தது. விசு இயக்கி, நாரதர் நாயுடுவாக நடித்த படம். எஸ்.வி. சேகர் கிட்டுமணியாக வருவார், தனக்கு வரப்போகிறவள் இப்படி இப்படி இருக்க வேண்டும் என்று எட்டு கண்டிஷன் போடுகிற ஆள். எட்டுக்கும் பொருத்தமான பெண் இவள்தான் என்று சொல்லி சாந்தி கிருஷ்ணாவை அவனுக்குக் கட்டி வைத்துவிடுவார் நாரதர் நாயுடு. சொன்னதெல்லாம் பொய் என்பது தாலி ஏறின பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். மறுநாள் காலையில் அந்தப் பொய்யோடு குடும்பம் நடத்த வேண்டியவர்கள் வேறு இரண்டு பேர். அந்த இரண்டு பேரைப் பார்த்து எடுத்த படம் அது. சிரிப்புப் படம்தான், ஆனால் சிரித்து முடித்ததும் அவரவர் வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் அது ஏன் அவ்வளவு பிடித்தது என்று சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் தெருவில் மஞ்சள் நீராட்டு, காதுகுத்து என்றால் ராத்திரி டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வாசலில் வைத்து விடிய விடிய படம் போடுவார்கள். முதலில் எம்.ஜி.ஆர். படம், அப்புறம் ரஜினி படம், கடைசியாகப் பெண்களுக்கென்று ஒரு குடும்பப் படம். ஆண்களும் பிள்ளைகளும் பாதிப் பேர் பாயிலேயே தூங்கியிருப்பார்கள். பாத்திரம் கழுவி, அண்டாவைக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எங்கள் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா எல்லாம் அப்போதுதான் வந்து உட்காருவார்கள். நாரதர் நாயுடு ஒரு பொய் சொன்னால் இவர்களிடம் அதற்கு ஜோடியாக ஒரு கதை இருக்கும். மாப்பிள்ளை ஹார்பரில் பர்மனென்ட் என்று சொல்லிக் கட்டி வைத்தார்கள், போய்ப் பார்த்தால் காண்ட்ராக்ட். சொந்த வீடு என்றார்கள், பார்த்தால் ஆறு குடித்தனத்துக்கு ஒரே குழாய். பெண்ணுக்குப் பத்து சவரன் என்றார்கள், அதில் பாதி சித்தியிடம் இரவல் வாங்கினது. விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தப் பொய்க்குள் நுழைந்து அதையே ஒரு வாழ்க்கையாக ஆக்கிக்கொண்டவர்கள் அவர்கள், அதனால் அந்தப் படத்தைத் தங்கள் படமாகவே நினைத்தார்கள்.

அப்படிப்பட்ட படத்துக்கு 34 வருஷம் கழித்து இரண்டாம் பாகம், அதுவும் அதே எஸ்.வி. சேகர், அதே விசு என்றதும் எங்களுக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சம் இல்லை. எதைப் பார்க்க ஆசைப்பட்டோம் என்றால், பொய்யில் ஆரம்பித்த அந்தக் குடும்பம் 34 வருஷம் எப்படி ஓடியது என்பதைத்தான். அந்த எட்டு கண்டிஷனையும் அவன் எப்போது மறந்தான், மறந்தானா இல்லையா, சண்டை வரும்போதெல்லாம் எடுத்துக் குத்திக்காட்டினானா, அவள் எந்த வருஷத்தில் “போய்யா நீயும் உன் கண்டிஷனும்” என்று சொன்னாள், பிள்ளை பிறந்ததும் என்ன ஆயிற்று, மாமியார் படுத்த படுக்கையானபோது யார் பார்த்தது, ஏமாற்றி நடந்த கல்யாணம் என்று தெரிந்தும் அவளுக்கு அவன் மேல் பிரியம் வந்தது எப்போது. இதற்குள்ளே மூன்று படத்துக்குக் கதை இருக்கிறது.

வந்த படத்தில் கிட்டுமணிக்கு ஒரு பெண். இந்த முறை அவள் எட்டு கண்டிஷன் போடுகிறாள், நாரதர் நாயுடு மறுபடியும் வந்து மாப்பிள்ளை பார்த்து வைக்கிறார். பூர்ணா அந்தப் பெண், எஸ்.வி. சேகரின் சொந்த மகன் அஸ்வின்தான் மாப்பிள்ளை. ஒரு தலைமுறையை நகர்த்தி அதே விளையாட்டை மறுபடி ஆடியிருந்தார்கள். 34 வருஷம் என்பது விளம்பரத்தில் சொல்லிக்கொள்ள உதவியது, கதையில் அந்த 34 வருஷத்துக்கு வேலையே இல்லை. மனைவி பாத்திரத்தில் சாந்தி கிருஷ்ணா இல்லை, வேறு நடிகை. கல்யாண வயதுப் பெண்ணுக்கு அம்மா என்பதைத் தாண்டி அவளுக்கென்று ஒரு கதையும் இல்லை. நாங்கள் யாரைப் பார்க்கக் காத்திருந்தோமோ அவள் ஒப்புக்குச் சப்பாணியாக நின்றுவிட்டுப் போனாள்.

இதில் எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம் ஒன்று. படம் வந்த அடுத்த வருஷமே, 2017இல், சாந்தி கிருஷ்ணா பல வருஷ இடைவெளிக்குப் பிறகு மலையாளத்தில் நடிக்க வந்தார். ‘ஞண்டுகளுடெ நாட்டில் ஒரிடவேள’ என்ற படம். தனக்கு மார்பகப் புற்றுநோயாக இருக்குமோ என்று சந்தேகம் வந்த ஒரு குடும்பத் தலைவி, பிள்ளைகள் எல்லாம் வளர்ந்துவிட்ட வீடு, லால் அவருக்குக் கணவர். மனைவிக்கு நோய் என்று தெரிந்ததும் தடுமாறுகிற கணவனையும், தன் பயத்தை வைத்துக்கொண்டு அவனையும் சேர்த்து தேற்ற வேண்டியிருக்கிற மனைவியையும் நோயைப் பற்றிய படத்திலும் சிரிக்கச் சிரிக்கக் காட்டினார்கள். அந்த முகத்தைப் பாருங்கள். எத்தனை வருஷம் அதில் இருக்கிறது! ‘மணல் கயிறு’ படத்துப் பெண் இப்போது எப்படி இருப்பாளோ அப்படியே இருந்தார். பக்கத்து மாநிலத்துக்காரர்கள் கூப்பிட்டதும் வந்தார், பிரமாதமாக நடித்துக் கொடுத்தார்.

அப்புறம் அந்த எட்டு கண்டிஷன். ஆண் போட்டதை இந்த முறை பெண் போடுகிறாள் என்பதே நல்ல யோசனைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1982இல் ஒரு ஆம்பளை போடுகிற கண்டிஷனும் 2016இல் ஒரு பெண் போடுகிற கண்டிஷனும் ஒன்றா? அவனுடையது திமிர். அவளுடையதில் முக்கால்வாசி தற்காப்பு. என் கடைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு பேசுவதைக் கேட்கிறேனே. “வீட்டுக்குள்ளேயே பாத்ரூம் இருக்கான்னு கேட்டேன் அக்கா, அதுக்கு மாப்ள வீட்டுல மூஞ்சியத் தூக்கிட்டாங்க” என்றாள் கொருக்குப்பேட்டைப் பெண் ஒருத்தி. இன்னொருத்தி கல்யாணத்துக்கு அப்புறமும் நைட் ஷிப்ட் போவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாளாம். குடிக்கக் கூடாது என்று சொன்னால் நடக்காது, குடித்துவிட்டு வந்தால் வாசலில் கத்தக் கூடாது என்று கேட்டிருக்கிறாள் ஒருத்தி. சம்பளத்தில் பாதியை அம்மாவுக்குக் கொடுப்பேன், அப்பா இல்லை, தம்பி படிக்கிறான், இதுக்கு ஒத்துக்கிட்டா பூ வைக்க வாங்க என்றாள் புதுவண்ணாரப்பேட்டைப் பெண். இந்தக் கண்டிஷனையெல்லாம் கேட்டால் யாருக்காவது அவளுக்குப் பாடம் கற்பிக்கத் தோன்றுமா? எழுந்து நின்று கும்பிடத் தோன்றும். அந்தப் படத்தைப் பார்த்தபோது கண்டிஷன் போடுகிறவர் யாராக இருந்தாலும் ஒரே மாதிரி இறக்கிக் காட்ட வேண்டும் என்று எழுதியது போலத்தான் எனக்குப் பட்டது. 34 வருஷத்தில் பெண்கள் எங்கே வந்து நிற்கிறார்கள் என்று கதை எழுதினவர்கள் ஒரு கல்யாணக் கடைவீதிக்கு வந்து ஒரு மத்தியான நேரம் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

சரி, அந்த ஒரு படத்தோடு விட்டுவிடலாம் என்றால், மற்ற இரண்டாம் பாகங்களையும் யோசித்துப் பாருங்கள். ‘இந்தியன்’ 1996. சேனாபதிக்கு அமிர்தவல்லி என்று ஒரு மனைவி, சுகன்யா நடித்தது. சுதந்திரப் போராட்ட காலத்தில் கட்டிக்கொண்டு, அந்த மனுஷனுடைய பிடிவாதத்தோடு கிழவியாகும் வரைக்கும் குடும்பம் நடத்தினவள். பெற்ற பிள்ளையை அப்பனே கொன்றுவிட்டுப் போகிறான், அதற்கப்புறம் அவள் எப்படி இருந்தாள்? 2024இல் சேனாபதி திரும்பி வந்தார், வர்மக் கலையோடு வந்தார், மூன்று மணி நேரம் இருந்தார். அமிர்தவல்லி வரவில்லை. ‘சாமி’ 2003, ஆறுச்சாமியும் புவனாவும் காதலித்ததையும் கட்டிக்கொண்டதையும் நாங்கள் எத்தனை தடவை டிவியில் பார்த்திருப்போம். 2018இல் இரண்டாம் பாகம் வந்தபோது த்ரிஷா இல்லை, புவனாவாக ஐஸ்வர்யா ராஜேஷ் வந்தார், நல்ல நடிகைதான், ஆனால் வந்த வேகத்தில் புருஷனையும் பெண்டாட்டியையும் சேர்த்துக் கொன்றுவிட்டு மகன் கதைக்குப் போய்விட்டார்கள். ‘எந்திரன்’ 2010இல் சனாவுக்காக ஒரு ரோபோவே பித்துப் பிடித்து ஊரை அழித்தது, 2018இல் ‘2.0’ வந்தபோது அந்த சனா போனில் கேட்கிற குரல், அவ்வளவுதான். ‘சண்டக்கோழி’ 2005இல் மீரா ஜாஸ்மின், 2018இல் அவர் இருந்த இடத்தில் வேறு காதல், வேறு கதாநாயகி. ‘சந்திரமுகி’ 2005, கங்காவும் செந்திலும் இல்லாத அந்த வீட்டுக்கு 2023இல் யாரோ குடிவந்தார்கள். பேய் இருந்தது, வடிவேலு இருந்தார், நோய்ப்பட்ட மனைவியைக் கைவிடாத அந்தப் புருஷன் இல்லை.

ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்வீர்கள். தேதி கிடைக்கவில்லை, கதைக்குத் தேவைப்படவில்லை, வேறு ரசிகர்களுக்கு எடுக்கிறோம், நடிகைக்கு வயதாகிவிட்டது. இந்தக் கடைசிக் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கதாநாயகனுக்கும்தான் வயதானது. அவருடைய நரைக்கு மேக்கப் போட்டு அதற்கு ஒரு தீம் மியூசிக் போடுகிறீர்கள். மனைவியின் நரையை மட்டும் கேமரா முன்னால் நிறுத்த உங்களுக்கு மனசு வரவில்லை. நாங்கள் திரையில் பார்த்து உருகின ஜோடியில் பாதியை வெட்டிவிட்டு மீதியைக் கொண்டுவந்து முழு டிக்கெட் கேட்கிறீர்கள். சண்டைப் படத்தில் இது நடந்தால்கூட இடிக்கிறது என்று முணுமுணுத்துவிட்டுப் போகலாம். கல்யாணத்தைப் பற்றிய படத்தில் நடந்தால் அப்புறம் படத்தில் என்ன மிச்சம்?

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். கல்யாண ஜாக்கெட் தைக்கும்போது பக்கவாட்டில் ஒரு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்துவிட்டுத் தைப்போம், பின்னால் உடம்பு போடும், பிரித்துவிட வேண்டியிருக்கும் என்று. கட்டுகிற அன்றைக்கு அது யார் கண்ணுக்கும் தெரியாது. முதல் படம் எடுத்தவர்கள் அப்படித் துணி விட்டுத் தைத்திருக்கிறார்கள். அமிர்தவல்லியின் மிச்சக் கதை, கிட்டுமணி மனைவியின் மிச்சக் கதை, எல்லாம் உள்ளே மடிந்துதான் கிடக்கிறது. பிரித்துவிட ஆள் இல்லை.

கொஞ்ச நாள் முன்னால் காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். மீன் ஏலம் எடுத்து விற்கிறவர்கள், கையெல்லாம் கத்தி வெட்டுத் தழும்பு. பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறது, தன்னுடைய கல்யாணப் புடவையையே கட்டிக்கொள்ளலாம் என்று எடுத்து, ஜாக்கெட்டைப் பிரித்துவிடக் கொடுக்க வந்தார்கள். உள்ளே விட்ட துணியைப் பிரித்தால், வெளியே வெளுத்திருந்த அந்த அரக்குப் பட்டு உள்ளே மட்டும் வாங்கின அன்றைக்கு இருந்த நிறத்திலேயே பளிச்சென்று இருந்தது. பிரித்துவிட்டும் பத்தவில்லை, அக்குளில் ஒட்டுத் துணி போட வேண்டும், எந்த நிறத்தில் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தோம். வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்த அவர் வீட்டுக்காரர், அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாதவர், அங்கிருந்தே, “உள்பாவாட அதே கலர்ல எடுத்தோமே, அது பொட்டிலதான் கெடக்குது, அதுல வெட்டிப் போடச் சொல்லு” என்றார். அந்த அம்மாவுக்கே ஞாபகம் இல்லை. “இதெல்லாம் மட்டும் ஞாபகம் இருக்கும், கரண்டு பில்லு கட்டுறது ஞாபகம் இருக்காது” என்று திட்டினார்கள். திட்டிக்கொண்டே சிரித்தார்கள். அந்த ஆள் எத்தனை வருஷம் அந்த அம்மாவை அழ வைத்தார் என்பதும் எனக்குத் தெரியும், அந்தத் தெருவுக்கே தெரியும். இரண்டும் சேர்ந்துதான் அவர்கள் குடும்பம். இதை எடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இதற்கு வெளிநாட்டு லொகேஷன் வேண்டாம்.

எடுக்க முடியாத விஷயம் என்று சொல்லாதீர்கள், எடுத்தவர்கள் இருக்கிறார்கள். என் மகள் லேப்டாப்பில் போட்டுக் காட்டின ‘பிஃபோர் மிட்நைட்’ 2013இல் வந்தது, ஒரே ஜோடியைப் பற்றிய மூன்று படங்களில் மூன்றாவது. 1995இல் ரயிலில் சந்தித்த ஒரு பையனும் பெண்ணும், 2004இல் மறுபடி சந்தித்தார்கள், 2013இல் இரட்டைப் பெண் குழந்தைகளோடு சேர்ந்து வாழ்கிறார்கள். மூன்றிலும் ஈத்தன் ஹாக், ஜூலி டெல்பி இரண்டு பேரும்தான். கிரீஸில் விடுமுறைக்குப் போன இடத்தில் ஒரு ஓட்டல் அறையில் ரொம்ப நேரம் சண்டை போடுகிறார்கள், அந்தச் சண்டைதான் படத்தின் உயிர். யார் வேலையை யார் விட்டது, குழந்தைகளை யார் பார்த்தது, முதல் தாரத்துப் பையனுக்காக ஊர் மாற வேண்டுமா என்று எங்கள் வீட்டுச் சண்டை அப்படியே. ஆங்கிலம் முழுசாகப் புரியாமலே எனக்கு அது புரிந்தது. அந்த இரண்டாம், மூன்றாம் படங்களின் திரைக்கதையை இயக்குநரோடு சேர்ந்து அந்த இரண்டு நடிகர்களும் எழுதினார்கள் என்று மகள் சொன்னாள். நடிகையும் எழுதியிருக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் பேசுவதில் இருக்கிற கோபம் ஆம்பளை மட்டும் உட்கார்ந்து யோசித்தால் வருகிற கோபம் இல்லை. ஸ்வீடனில் பெர்க்மன் என்கிற இயக்குநர் 1973இல் ஒரு கல்யாணம் உடைவதைத் தொடராக எடுத்துவிட்டு, 30 வருஷம் கழித்து 2003இல் அதே லிவ் உல்மனையும் அதே எர்லாண்ட் ஜோசஃப்சனையும் கிழவனும் கிழவியுமாகத் திரும்ப உட்காரவைத்தார். அவர்கள் முகச் சுருக்கத்தை மறைக்கவில்லை. நம்மிடமும் 34 வருஷம் இருந்தது.

நம் விசு 1986இல் எடுத்த ‘சம்சாரம் அது மின்சாரம்’ ஞாபகம் இருக்கும். அம்மையப்ப முதலியார் வீட்டின் நடுவே கோடு கிழித்த படம், மனோரமா ஆச்சி எங்கள் ஊர் பாஷையில் எல்லார் வாயையும் அடைத்த படம், தேசிய விருது வாங்கின படம். கடைசியில் எல்லாம் சரியாகிவிட்டது, வாருங்கள் ஒன்றாக இருக்கலாம் என்கிறபோது மூத்த மருமகள் உமா, லட்சுமி நடித்தது, வேண்டாம் என்பாள். தனியாகவே இருப்போம், வந்து பார்த்துப் போவோம், அப்போதுதான் பிரியம் மிச்சமிருக்கும் என்பாள். 1986இல் அந்த முடிவைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஒண்டுக் குடித்தனத்தில், ஒரே அறைக்கு நடுவே புடவையைத் திரையாகக் கட்டிக்கொண்டு மாமியாரோடு படுத்து எழுந்த எங்கள் அம்மாக்களுக்கு அது எவ்வளவு பெரிய சொல் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது.

யாராவது அதற்கு இரண்டாம் பாகம் எடுக்க வந்தால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், பேரன் பேத்திகள் மறுபடியும் கோடு கிழிக்கிற கதையாக எடுக்காதீர்கள். விசு 2020இல் போய்விட்டார், உமாவின் புருஷனாக நடித்த ரகுவரன் 2008இலேயே போய்விட்டார், ஆச்சி 2015இல். லட்சுமி இருக்கிறார். உமாவுக்கு இப்போது மருமகள் வந்திருப்பாள். தனிக்குடித்தனம் என்ற நியாயத்தை முதலில் பேசினவள் இப்போது ஒரு வீட்டில் தனியாக இருக்கிறாள், மகனும் மருமகளும் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், அவள் சொன்ன அதே ஏற்பாடுதான். சந்தோஷமாக இருக்கிறாளா? நான் சொன்னது சரிதான் என்று இப்போதும் சொல்வாளா? எனக்குத் தெரிந்த உமா சொல்லுவாள் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எப்படிச் சொல்லுவாள் என்று பார்க்க வேண்டும்.

இப்போது எங்கள் ஏரியா படங்களுக்கு வருகிறேன். வட சென்னை என்றாலே கத்தி, கஞ்சா, கானா என்று வருஷக்கணக்காகப் பார்த்துச் சலித்தவர்கள் நாங்கள். அதற்கு நடுவில் சில பேர் இங்கே இருக்கிற குடும்பத்தையும் எடுத்தார்கள். 2014இல் ‘மெட்ராஸ்’ வந்தபோது அன்புவும் மேரியும் அந்த ஹவுசிங் போர்டு வீட்டில் கொஞ்சிக்கொண்டதும் முறைத்துக்கொண்டதும், இப்படி ஒரு புருஷன் பெண்டாட்டியை எங்கள் பக்கத்தில் வைத்து யாரும் காட்டினதில்லை. அன்பு செத்ததற்கு நாங்கள் அழுததைவிட மேரிக்காக அழுததுதான் அதிகம். 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’. ஆட்டம் ஆடிக்கொண்டு கல்யாணம் கட்டிக்கொண்ட மாரியம்மா, குத்துச்சண்டை ரிங்குக்குப் பின்னால் ஓடுகிற புருஷன் கபிலனைப் பிடித்து உட்காரவைத்து நியாயம் கேட்டவள், அவன் குடியில் விழுந்தபோது கைக்குழந்தையோடு நின்றவள். துஷாரா விஜயன் நடிக்கவில்லை, எங்கள் தெருவில் எங்கேயோ இருந்து எழுந்து வந்தது போல இருந்தது. ‘வட சென்னை’ 2018இல் சந்திரா. முதல் புருஷன் ராஜன் சாவுக்குப் பழி தீர்க்க, கொன்றவர்களில் ஒருவனான குணாவையே கட்டிக்கொண்டு, ஒரே கூரைக்குக் கீழே அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டு காத்திருந்தவள். தமிழில் இதைவிடப் பயங்கரமான ஒரு கல்யாணத்தை நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் ஒவ்வொரு ராத்திரியும் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்தால் எனக்கு இப்போதும் உடம்பு சில்லிடும்.

‘சார்பட்டா’வுக்கு இரண்டாம் பாகம் வரும் என்று 2023இல் அறிவித்தீர்கள். ‘வட சென்னை’க்கு அடுத்த பாகம் எப்போது என்று எங்கள் பசங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பசங்கள் கபிலனுக்காகவும் ‘வட சென்னை’ கதாநாயகன் அன்புக்காகவும் கேட்கிறார்கள், கேட்கட்டும். நான் மாரியம்மாவுக்காகவும் சந்திராவுக்காகவும் கேட்கிறேன், என் கடைக்கு வருகிற அத்தனை பேரும் அப்படித்தான் கேட்கிறார்கள். கபிலன் அடுத்து யாரோடு மோதுவான் என்று யோசித்து வைத்திருப்பீர்கள். மாரியம்மா அதற்குள் எத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருப்பாள், வீட்டில் காசு எங்கிருந்து வந்தது, மாமியார் பாக்கியத்துக்கும் அவளுக்கும் இடையில் என்ன ஆயிற்று, பையன் கிளவுஸைத் தொட்டால் அவள் என்ன சொல்லுவாள், இதையும் யோசித்திருக்கிறீர்களா? பாக்கியம் தன் புருஷனைப் பறிகொடுத்தவள், அதனாலேயே மகன் ரிங்குப் பக்கம் போனால் அடித்தவள். மாரியம்மா தன் பிள்ளைக்கு அதே அடியைக் கொடுப்பாளா என்பது எனக்கு எந்த நாக்-அவுட்டைவிடவும் பெரிய கேள்வி.

குடும்பத்தோடு படத்துக்குப் போவது எங்கள் பக்கத்தில் இப்போது முன்னைப்போல் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரை 2020இல் மூடிவிட்டார்கள். பெரம்பூர் பிருந்தா 2025இல் போய்விட்டது. நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரும் வழியில் கதையைப் பேசிக்கொண்டே வந்த காலம் அது. இப்போது வீட்டில் நாலு பேரைக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் ஆட்டோ, டிக்கெட், பாப்கார்ன் என்று என் ஒரு வாரத் தையல் கூலி போய்விடும். பழைய படத்தின் பேரைப் போட்டால் அந்தப் பாசத்துக்காக நாங்கள் கிளம்பி வந்துவிடுவோம் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பாசத்தில் பாதி அந்த மனைவி பாத்திரத்தின் மேல் வைத்தது. அவள் இல்லாத படத்துக்கு அவள் பேரால் சேர்த்த கூட்டத்தைக் கூப்பிடாதீர்கள்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. இரண்டாம் பாகம் எடுக்க முடிவு செய்ததும், பெரிய நடிகரின் தேதியை வாங்குவதற்கு முன்னால், முதல் பாகத்தில் மனைவியாக நடித்த நடிகைக்கு ஒரு போன் போடுங்கள். உங்கள் பாத்திரம் இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்திருப்பாள் என்று நினைக்கிறீர்கள் என்று அவரிடமே கேளுங்கள், சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். கதை விவாதத்தில் கல்யாணமாகிப் பல வருஷமான இரண்டு பெண்களையாவது உட்காரவையுங்கள், டீ கொண்டுவரச் சொல்லி அனுப்பாமல் பேச விடுங்கள். அந்த நடிகைக்கு இப்போது தேதி இல்லை என்றால் கிடைக்கிற வரைக்கும் பொறுங்கள். ‘மணல் கயிறு’க்கு 34 வருஷம் பொறுத்தவர்கள் நாங்கள், இன்னும் இரண்டு வருஷம் பொறுக்க மாட்டோமா? அப்படியும் அவர் வர முடியாத நிலைமை என்றால், அந்தப் படத்துக்கு ‘2’ என்று பேர் வைக்காதீர்கள், புதுப் பேர் வையுங்கள், புதுப் படமாக வந்து பார்க்கிறோம்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு ரசிகை